உலையில் அரிசி போடும் முன்

அரிசி களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனியே ஒரு கலயத்தில் போட்டுவைப்பது நம் அடுக்களைகளின் பழைய வழக்கம். அந்தக் கலயம் யாருக்கு என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். ஒரு வீட்டில் அது குலதெய்வத்துக்கு. இன்னொரு வீட்டில் வாசலில் வந்து நிற்பவருக்கு. மாதா கோயில் தெருவில் அது ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இதை ஊர் கூடிச் செய்யும் தருமமாக்கி, பிடி அரிசித் திட்டம் என்றே நடத்தச் சொன்னார். சமைக்கும் முன் ஒரு பிடி அரிசி, கூடவே ஒரு காசு. அரிசி அக்கம்பக்கத்துக் கோயிலில் நைவேத்தியமாகி இல்லாதவர்களுக்குப் போகும். காசு அடுப்புச் செலவுக்கு ஆகும். வெகு தூரத்தில், மிசோரம் மலைகளில், பிரஸ்பிட்டேரியன் திருச்சபைப் பெண்கள் 1910 முதல் இதையே செய்துவருகிறார்கள். புஃபாய் தாம் என்று அங்கே பெயர். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி. அந்தப் பிடிகள் இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாயாகி அவர்களுடைய சபைப் பணிகளைத் தாங்குகின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கைப்பிடியில் ஏறத்தாழ 50 கிராம் அரிசி அடங்கும். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதத்துக்கு ஒன்றரை கிலோ, வருடத்துக்கு 18 கிலோ. இத்தனை அரிசி வீட்டை விட்டுப் போயிருக்கிறது. சாப்பிட உட்கார்ந்த ஒருவர்கூடப் பசியோடு எழுந்திருக்கவில்லை. இதைச் சற்று நேரம் மனத்தில் வைத்துப் பார்த்தால் விநோதமாக இருக்கிறது. இவ்வளவு வேண்டும் என்று நாம் உறுதியாக நம்பும் அளவுக்குள்ளேயே, நமக்கு வேண்டியிராத ஒரு பிடி எப்போதும் இருந்துகொண்டிருக்கிறது. எடுத்துப் பார்க்கும்வரை அது கண்ணில் படுவதில்லை.

சிக்கனத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்தப் பிடியை ஒட்டியதுதான். அது முதலில் எடுக்கப்படுகிறது. உண்டு முடித்தபின் மிஞ்சியதைக் கொடுப்பதும் நல்ல காரியமே, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மிச்சத்தைக் கொடுப்பவர் அதற்காக மனத்துக்குள் எதையும் நகர்த்திவைக்க வேண்டியதில்லை. அது தானாக மிஞ்சியது, தானாகப் போகிறது. முதலில் எடுப்பவரோ தினமும் ஒரு தீர்மானம் செய்கிறார்: என் தேவை இந்தப் பிடிக்கு அப்புறம்தான் தொடங்குகிறது என்று. உரக்கச் சொல்லாமல், மந்திரமில்லாமல், அடுப்படியில் நின்றபடியே செய்யும் தீர்மானம். சமையல் மும்முரத்தில் அரை நிமிடம்கூட ஆகாது.

நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தரைப் பெரியபுராணம் சொல்கிறது. மீனவர்களின் தலைவர். வலையில் விழுந்த மீன்களில் தலையானதைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவருடைய நியமம். மீன் மலைபோலக் குவிந்த காலத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. பிறகு வரத்துக் குறைந்தது. நாளுக்கு ஒரே ஒரு மீன் அகப்படும் நிலை வந்தது. அந்த ஒன்றையும் விட்டார். வீட்டில் பட்டினி. கடைசியில் ஒருநாள் பொன்னும் மணியுமாக மின்னும் மீன் ஒன்று தனியே சிக்கியது. கூட இருந்தவர்கள் பதறி நிற்க, அதையும் விட்டார். ஆவணி ஆயில்யத்தில் நாகப்பட்டினத்து மீனவர்கள் இந்த நிகழ்ச்சியைத் தங்க மீன் விடும் விழாவாக இன்றும் நடத்துகிறார்கள்.

வறுமையில் அவர் நியமத்தை விடவில்லை என்பதைத்தான் எல்லோரும் வியந்து சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது தங்க மீன். இல்லாத காலத்தில் கட்டுப்பாடாக இருப்பது ஓரளவு எளிது, வேறு வழியில்லை. திடீரென்று நிறைய வந்த நாளில்தான் மனம் புதுக் கணக்குப் போடத் தொடங்குகிறது. சம்பளம் உயர்ந்த மாதத்தில்தான் பல வீடுகளில் சேமிப்பு நின்றுபோகிறது. பெரிய வீடு, பெரிய வண்டி, அதற்குத் தவணை என்று கூடிவந்த பணத்துக்கு மேல் ஒரு பங்கு கூடுதலாகப் போய்விடுகிறது. அதிபத்தர் கை, ஒரு மீனுக்கும் ஒன்றுதான், தங்க மீனுக்கும் ஒன்றுதான். (நாயன்மார் அறுபத்து மூவரில் சூதாடி வென்ற பணத்தில் அடியார்களுக்கு அன்னமிட்ட மூர்க்க நாயனாரும் உண்டு. அவரை வணங்கலாம், குடும்பச் செலவுத் திட்டத்துக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

இஸ்லாமியர் வீடுகளில் ரமலான் முடியும்போது பித்ரா கொடுக்கிறார்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு தலைக்கும், அன்று பிறந்த குழந்தைக்கும் சேர்த்து, இத்தனை அளவு தானியம் அல்லது அதன் விலை. அதைப் பெருநாள் தொழுகைக்குப் போகும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பது முறை. புதுத்துணி உடுத்தி, பிரியாணி உண்டு, மிஞ்சியிருந்தால் பார்க்கலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. கிறித்தவர்களின் முதற்பலன் காணிக்கையிலும் இதே ஒழுங்குதான். பொங்கலில் புத்தரிசி முதலில் சூரியனுக்கு. இத்தனை வழிகளில் வந்தவர்கள் எல்லோரும் ஒரு வரிசையை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள் என்றால், மனித மனத்தைப் பற்றி அவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டிருக்க வேண்டும். கடைசியில் என்று ஒதுக்கிவைத்த எதுவும் நடப்பதில்லை.

பணத்திலும் அப்படியே. செலவெல்லாம் போக மிஞ்சுவதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர் வீட்டில் மாதக் கடைசியில் மிஞ்சுவது பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் தர வேண்டிய பாக்கிதான். சம்பளம் வந்த அன்றே எடுத்துவைப்பவர் வீட்டிலும் மாதக் கடைசியில் கை இறுகத்தான் செய்யும். ஆனாலும் எடுத்துவைத்தது அங்கேயே இருக்கும். அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-இல் தொடங்கியதிலிருந்து எளிய மக்கள் அதில் போட்ட சிறு தொகைகள் எல்லாம் இப்படிச் சேர்ந்தவையே.

தருமத்துக்கு ஒதுக்குவது ஆன்மிகம், சரி. தனக்கென்று சேர்ப்பது எப்படி ஆன்மிகமாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருவள்ளுவர் இதற்கு இடம் தந்திருக்கும் விதம் யோசிக்கவைக்கிறது. வரவு சிறுத்திருந்தாலும் கேடில்லை, செலவின் வழி அகலாமல் இருந்தால் போதும் என்ற கருத்து வரும் குறள் 478-ஆவது. அது நிற்பது வலியறிதல் என்ற அதிகாரத்தில். அரசன் படையெடுக்கும் முன் தன் பலத்தையும் பகைவன் பலத்தையும் நிறுத்துப் பார்ப்பதைச் சொல்லும் அதிகாரம் அது. அதன் கடைசி நான்கு குறள்களும் கைப்பொருளின் அளவைப் பற்றியவை. தன் கையிருப்பை அறியாதவன் தன் வலிமையை அறியாதவன் என்பது அவர் கணிப்பு. கடைசிக் குறளில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: இருப்பை எண்ணிப் பாராமல் செய்யும் உபகாரமும் செல்வத்தை விரைவில் அழித்துவிடும் என்கிறார். ஈகைக்கென்று தனி அதிகாரம் எழுதியவர் சொல்வது இது. அதே வள்ளுவர், பொருளின்மேல் வைத்த பற்றினால் கொடாமல் இறுக்கிப் பிடிக்கும் கஞ்சத்தனத்தை, மற்றக் குற்றங்களோடு சேர்த்து எண்ண முடியாத தனிக் குற்றம் என்று குற்றங்கடிதலில் வைத்துவிடுகிறார்.

சிக்கனக்காரரும் கஞ்சரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரிவார்கள். இருவரும் விளக்கை அணைப்பார்கள், இருவரும் பேரம் பேசுவார்கள், இருவரும் பழைய பையைத் தைத்துத் தைத்துப் பயன்படுத்துவார்கள். சேர்ப்பவர் மனத்தில் யாருடைய முகம் இருக்கிறது என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். பிள்ளையின் படிப்பு, வயதான மாமியாரின் கண் அறுவை, நாளை தன்னையே பிறர் சுமக்கும்படி ஆகிவிடக்கூடாது என்ற எண்ணம், திடீரென்று வந்து நிற்கும் ஒருவரின் பசி: இவற்றில் ஏதோ ஒரு முகம் இருந்தால் அது பிடி அரிசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பணத்தின் முகம் மட்டுமே இருந்தால் அந்தப் பணமும் அவருக்குத் துணையாகாது.

இதற்கெல்லாம் நேர் எதிராக ஒரு கதை இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பேச்சைப் பேசினால் சரியாகாது. இளையான்குடி மாற நாயனார். வருபவர்க்கெல்லாம் விருந்திட்டே வயலையும் வீட்டுப் பொருளையும் கரைத்தவர். மழை கொட்டும் ஓர் இரவில், வீட்டில் ஒரு மணி அரிசி இல்லாதபோது, நனைந்தபடி ஓர் அடியார் வாசலில் வந்து நிற்கிறார். வந்தவர் சிவன் என்று இவருக்குத் தெரியாது. கடன் கொடுக்கவும் இனி ஊரில் ஆளில்லை. அப்போது வழி சொல்பவர் மனைவி: பகலில் விதைத்த விதைநெல் மழையில் மிதந்து ஓரத்தில் ஒதுங்கியிருக்கும், அதை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துவிடலாம். அவர் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருட்டில் காலால் தடவித் தடவி வயலுக்குப் போகிறார். நெல் வருகிறது. விறகு இல்லை, கூரையின் வரிச்சுகளை அறுத்துத் தருகிறார். ஈரநெல்லை வறுத்துக் குத்தி அரிசியாக்கி உலை வைக்கிறார் அந்த அம்மையார். கறிக்கு என்ன செய்வது? குழியில் இன்னும் வளர்ந்து முற்றாத இளங்கீரையைப் பறித்து வருகிறார் கணவர். அந்த ஒரே கீரையைக் கொண்டு பல விதமாகக் கறி சமைக்கிறார் மனைவி.

விதைநெல்லையே உண்ணக் கொடுத்த கதையைச் சிக்கனப் பேச்சில் எங்கே வைப்பது? நீண்ட நாளாக இது எனக்கு முரணாகவே தெரிந்தது. இப்போது அந்த அம்மையாரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நள்ளிரவில், எதிர்பாராத விருந்தாளி முன், எந்த வயலில் என்ன கிடக்கிறது, மழையில் அது எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்று உடனே சொல்ல அவரால் முடிகிறது. ஒரு கீரையில் எத்தனை கறி வரும் என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிந்தவருக்குத்தான் இது வரும். நம் வீடுகளில் இன்று பரணிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்வரிசையிலும் என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஒரே மசாலாப் பொட்டலம் மூன்று வாங்கியிருப்போம். அறியாமல் வைத்திருக்கும் பொருள் இருந்தும் இல்லாததுதான். மாறனார் வீட்டில் எதுவுமில்லை. ஆனால் எது எங்கே என்று தெரியும். அதனால் அந்த இரவில் அங்கே விருந்து நடந்தது. நாள்தோறும் விதைநெல்லைக் குத்திச் சாப்பிடச் சொல்லும் கதை அல்ல அது. சேர்த்துவைப்பது எதற்காக என்று கேட்டால், தேவைப்படும் இரவில் கலங்காமல் எடுத்துக் கொடுப்பதற்காக என்று சொல்லும் கதை.

கணக்கு எழுதும் பழக்கம் இந்த அறிதலைத்தான் தருகிறது. காந்தி லண்டனில் சட்டம் படித்தபோது பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகை என்று ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு படுக்கும் முன் மீதியைச் சரிபார்ப்பார். வாடகை குறைந்த அறைக்கு மாறினார், வண்டியை விட்டு நடந்தார், ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தானே காய்ச்சிக்கொண்டார். சாப்பாட்டுச் செலவு நாளுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸுக்கு இறங்கியது. அந்த எளிமையால் தன் வாழ்க்கை வறண்டுபோகவில்லை, உள்ளும் புறமும் ஒத்துப்போய் மனம் மகிழ்ந்தது என்று சத்திய சோதனையில் எழுதுகிறார். பின்னாளில் லட்சக்கணக்கில் பொதுப்பணம் தன் கை வழியே போனபோதும் தான் நடத்திய இயக்கங்கள் கடனில் நின்றதில்லை என்றும், அதற்கு இந்தப் பழக்கமே காரணம் என்றும் சொல்கிறார்.

அவரிடம் போய்ச் சேர்ந்த ஒரு தமிழர் அவரையே மிஞ்சினார். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, லண்டனில் பயின்ற கணக்காயர். 1934 பீகார் நிலநடுக்க நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. காந்தியோடு வந்தவர்களின் செலவை அந்த நிதியிலிருந்து தர முடியாதென்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் நேராகச் சொல்லிவிட்டார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். நிவாரணப் பணம் வீடிழந்தவரின் பிடி. அதில் மகாத்மாவுக்கும் பங்கில்லை.

காந்தியின் அணுக்கத் தோழர் காகா காலேல்கர் எழுதிவைத்த ஒரு சம்பவம் எனக்கு இதைவிடவும் பிடிக்கும். காங்கிரஸ் மாநாட்டுக்காகப் பம்பாயில் தங்கியிருந்தபோது காந்தி எதையோ பதைபதைப்போடு தேடிக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பென்சில். காலேல்கர் தன்னுடையதைக் கொடுக்கிறேன் என்றார். அதெல்லாம் வேண்டாம், அந்தப் பென்சில்தான் வேண்டும் என்றார் காந்தி. சென்னையில் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசனின் சின்ன மகன் ஆசையாகக் கொடுத்தது அது. இருவரும் தேடிக் கண்டெடுத்தார்கள். இரண்டு அங்குலம்கூட இருக்காது. ஒரு பொருள் நம்மிடம் வந்த வழியில் யாருடைய அன்போ உழைப்போ இருக்கிறது. அதை நினைத்துக்கொள்பவருக்குச் சிக்கனம் கட்டுப்பாடாகவே தோன்றாது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு கசப்பையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுச் சிக்கனம் என்று நாம் புகழ்வதில் பாதி, ஒரே ஒருவருடைய தட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. பிய்ந்த தோசை, அடிப்பிடித்த சோறு, இரண்டாம் காய்ச்சல் தேநீர், அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம் என்ற புடவை. இதைத் தியாகம் என்று கும்பிட்டுவிட்டு மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் அந்த வீட்டில் சிக்கனமும் இல்லை, ஆன்மிகமும் இல்லை. பிடி அரிசி எல்லோருடைய சோற்றிலிருந்தும் போகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

பெண்கள் இதற்குத் தாங்களே ஒரு வழி கண்டிருந்தார்கள். பால் விற்ற காசு, முட்டை விற்ற காசு, சந்தைச் செலவில் பிடித்தது என்று சேரும் சிறுவாட்டுப் பணம். அஞ்சறைப்பெட்டியில், அரிசிப் பானையில், புடவை மடிப்பில். மகளின் பிரசவத்துக்கும் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கும் அது திடீரென்று வெளியே வரும். 2016 நவம்பர் 8 இரவு 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது, எத்தனையோ வீடுகளில் அதுவரை கணவருக்குத் தெரியாமல் இருந்த பணம் மேசைமேல் வந்தது. சில வீடுகளில் சிரிப்பு, சில வீடுகளில் கண்ணீர், சில வீடுகளில் சண்டை. அந்தப் பணத்தின் பின்னால் அன்பு இருந்தது உண்மை. வெளியே வைத்தால் தங்காது என்ற பயமும் இருந்தது. தருமபுரியில் 1989-இல் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கி மாநிலமெங்கும் பரவியபோது, அதுவரை பானைக்குள் இருந்த காசு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து எல்லோர் முன்னிலையிலும் எண்ணும் காசானது. ஒரு பெண் தன் சேமிப்பைத் தன் பெயரில், பயமில்லாமல் வைத்துக்கொள்ள முடிகிற வீட்டில்தான் சிக்கனம் மன அமைதியாகும்.

இன்றைக்குப் பணம் கண்ணில் படாமலே போகிறது. கடை வாசலில் ஒட்டியிருக்கும் கட்டத்தை நோக்கிப் போனைக் காட்டினால் முடிந்தது. சுருக்குப் பையை அவிழ்த்து, தாளை எண்ணி, ஒருமுறை யோசித்து, மறுபடி முடிந்துகொள்ளும் அந்தச் சில நொடிகள் போய்விட்டன. ஆசைக்கும் வாங்குவதற்கும் நடுவே இருந்த இடைவெளி அது. ஏகாதசியும் நோன்பும் தவக்காலமும் உணவில் இந்த இடைவெளியைத்தான் வளர்த்தன. வாங்க நினைத்ததை ஒரு தாளில் எழுதி, அடுத்த பௌர்ணமிவரை பொறுத்துப் பாருங்கள் என்று நான் தெரிந்தவர்களிடம் சொல்வதுண்டு. பாதிப் பொருள்கள் தாளோடு போய்விடுகின்றன என்கிறார்கள். மீதியை நிம்மதியாக வாங்கிக்கொள்ளலாம். வேண்டியதை வாங்குவதில் பாவம் ஒன்றுமில்லை.

வருகிற முதல் தேதியன்று வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள், பிள்ளைகளும் இருக்கட்டும். வந்த தொகையை மறைக்காமல் சொல்லுங்கள். வாடகைக்கும் பாலுக்கும் மளிகைக்கும் முன்னால், முதல் பிடி எவ்வளவு, அதில் தருமத்துக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு என்று பேசி எடுத்துவையுங்கள். பிறகு ஒரு நோட்டில் பிள்ளையார் சுழி போட்டோ, உங்கள் வழக்கப்படி வேறு எதையாவது எழுதியோ, கணக்கைத் தொடங்குங்கள். இந்த மாதம் அந்த நோட்டை வீட்டு ஆண்கள் எழுதட்டும்.